பயறுதின்னிக்கு ஒரு மரியாதை

1

இந்தக் கதை ஒரு மரியாதையிலிருந்து பிறந்தது. அந்த மரியாதையைக் கேட்டதும் பேருந்தின் கூரையில் கட்டியிருந்த கிடாய்கள் அத்தனையும் கத்துவதை நிறுத்தின. நம்பாவிட்டால் கிடாய்களையே கேளுங்கள். பண்டிகைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு அவை பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டா.

முதல் வரியை இப்படித் தொடங்கியிருந்தேன்: "எங்கள் ஊர் சிக்காசோவில் விடியும்போது மாமரங்களின் மேல்..." (விட்டுவிட்டேன். மாமரங்களுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

2

ஸான் டியாரா எங்கள் பேருந்துக் கம்பெனியின் முதலாளி. நான் டிக்கெட் கிழித்தவன். செரிபா த்ராவோரே ஓட்டுநர். டியாராக்களும் த்ராவோரேக்களும் பிறவியிலேயே கேலிமுறைக்காரர்கள்.*

முதலாளி முன்னால் எங்கள் யாருக்கும் நா எழாது. நானும் டியாராதான், ஆனால் தம்பி முறை, வாயைத் திறக்கக் கூடாது. செரிபா மட்டும் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போவான்.

"ஏய் பயறுதின்னி! ஏழாம் நம்பர் வண்டியில பிரேக்கே புடிக்கலடா. மிதிச்சா ஊறவச்ச பயறு மாதிரி அமுங்குது."

"உன் காலுக்கு வலு இல்லடா, எங்க தாத்தா வீட்டு எடுபிடி!"

முதலாளி வயிறு குலுங்கச் சிரிப்பார். பண்டிகைக்கு முந்தின வாரம் முழுக்க இதேதான்.

(*மாமன் மச்சான் கேலி போலத்தான். இங்கே குலமே குலத்தை, சாவு வீட்டில்கூட, 'பயறுதின்னி', 'எடுபிடி' என்று திட்டும். கோபித்துக்கொண்டவன்தான் குற்றவாளி.)

நிறுவனங்களில் பேச்சு எப்படி நடக்கிறது என்று இங்கே ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்: சொல்லத் துணிந்தவன் சொன்னால் கேலி, சொன்னால் நம்பப்படுகிறவர்களோ ஊமை.

3

செரிபா மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு பெரிய யோசனை அவனுக்கு எப்படி... (வேண்டாம். படித்தால் உதைப்பான்.)

பண்டிகைக்கு முந்தின காலை. ஏழாம் நம்பர் வண்டி தலைநகர் பமாக்கோவுக்குப் போக நிரம்பிவிட்டது: பிள்ளைகுட்டிகள், மூட்டைகள், கூரையில் கிடாய்கள். செரிபா கதவைத் தட்டினான். தட்டினான்! தொப்பியைக் கழற்றினான். தரையைப் பார்த்தான்.

"வணக்கம் முதலாளி ஐயா. வீட்ல அம்மா, புள்ளைங்க எல்லாரும் சுகங்களா? வண்டியில பிரேக் இல்லைங்க. நீங்க என்ன சொன்னாலும் சரிங்க."

முதலாளி சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

"டேய்... திட்டுடா."

"உங்களப் போயி அப்படிப் பேசலாமுங்களா?"

"எங்கப்பன் பொணத்த மறிச்சுப் படுத்துக்கிட்டு, பயறு குடுத்தாத்தான் விடுவேன்னவன்டா நீ! இப்ப என்னடா ஆச்சு உனக்கு?"

செரிபா சாவியை இரண்டு கைகளாலும் மேஜைமேல் வைத்தான்.

கூச்சல், வேலைநிறுத்தம், மேஜைத் தட்டல் எல்லாம் பார்த்தவன் நான். ஒரு பணிவு ஓர் அறையின் காற்றையே உறிஞ்சிவிடுவதை அன்றுதான் பார்த்தேன். எழுதும்போது இப்போதும் என் கை தானாகத் தொப்பியைத் தேடுகிறது.

4

ஒரு முடிவு: முதலாளி சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பயணிகளை இறக்கி, பண்டிகைக் கூட்டத்தின் வசவு மொத்தத்தையும் நின்று வாங்கினார்.

இன்னொன்று: "விளையாடாதே" என்று வேறு ஓட்டுநரைக் கூப்பிட்டார். வண்டி சரிவில் இறங்கும்போது... (இதை முடிக்க மாட்டேன். கூரையில் என் கிடாயும் இருந்தது.)

சாவி இன்னும் மேஜைமேல்தான் கிடக்கிறது. எடுக்க வேண்டியவர் நீங்கள். எடுத்தபின் என்னைத் திட்டுங்கள்: புளுகன், பயறுதின்னி, எது வேண்டுமானாலும். இவ்வளவு தூரம் வந்தவர் எனக்குத் த்ராவோரே முறைதான்.

"கதை மிகவும் அருமை, ஐயா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வயதாகிவிட்டது, நெஞ்சு தாங்காது.