டீனாவின் வில்

வில் கடையில் என் கணவன் கர்ட் பெட்டியைத் திறந்த பிறகுதான் அது யாருடைய வில் என்று எனக்குத் தெரிந்தது. கைப்பிடியில் பச்சை நிறத்தில் ஒரு தலைமுடி ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. "வீட்ல ஒரு வில்லு சும்மா கிடக்குது, அதையே உனக்குச் சரி பண்ணிக்கலாம்" என்று மட்டும்தான் காலையில் சொல்லியிருந்தான்.

அவன் மகள் கிரேட்டா அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று அம்புகள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அம்மா டீனா இறந்து நான்கு வருடமாகிறது.

வருகிற சனிக்கிழமை எங்கள் விஸ்கான்சினில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. கர்ட்டின் குடும்பம் மொத்தமும் அன்று காட்டில்தான் இருக்கும். கல்யாணமான புதிது என்று போன வருடம் நான் வீட்டிலேயே இருந்து சூப் வைத்தேன். இந்த வருடம் நானும் போக ஆசைப்பட்டேன். "அவங்க வந்தா நான் வரல" என்று கிரேட்டா தன் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அவள் வராவிட்டால் நான் அங்கே போய் என்ன செய்ய?

"டேய் கர்ட், உன் பொண்டாட்டி கையை அளந்தியாடா?" என்றாள் கடைக்காரி; ஜோடி என்பது அவள் பெயர். அவளும் கர்ட்டும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். "இல்ல, கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கின மாதிரி கண்ணாலேயே அளந்துட்டியா?"

"அந்த மோதிரம் விரல்ல ஏறாம இன்னும் டிராயர்லதான் இருக்கு" என்றேன். கர்ட் காதுவரை சிவந்தான்.

ஜோடி முதலில் கடையிலிருந்த ஒரு பழைய கறுப்பு வில்லை என்னிடம் கொடுத்தாள். "இழுக்கிறது பெரிசில்ல. இழுத்ததைத் திருப்பிக் கொண்டுவரணும், அதான் கஷ்டம். அம்பு இல்லாம நாணை விட்டுட்டீங்கன்னா வில்லே தெறிச்சிடும், முகமெல்லாம் போயிடும். முழங்கையை மெதுவா முன்னாடி கொண்டுவாங்க. நாண் பிடுங்கிட்டு ஓடப் பார்க்கும். நீங்களும் கூடவே போங்க, பயந்து கையைத் திறந்துடாதீங்க."

மூன்றாவது தடவைதான் எனக்கு அது பிடிபட்டது.

பிறகு டீனாவின் வில். நாண் என் கன்னத்தைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போனது. ஜோடி உதட்டைப் பிதுக்கினாள். "அவ நெட்டை. உங்களுக்கு ரெண்டு அங்குலம் குறைக்கணும். வில்லு நுனியில இருக்கிற இந்தச் சக்கரத்தை மாத்தி வச்சா போதும்." வில்லை மேஜைமேல் வைத்து, சின்னத் திருகுச் சாவியைச் சக்கரத்தின் திருகாணியில் செருகினாள்.

"தொடாதீங்க!"

கிரேட்டா ஓடிவந்து வில்லைப் பறித்தாள். "இது அம்மாவோடது. இது எனக்குச் சரியா இருக்கு, பாருங்க!" சொல்லிக்கொண்டே கோபத்தின் வேகத்தில் நாணைக் கடைசிவரை இழுத்தாள்.

நாணில் அம்பு இல்லை.

அவள் கைக்கும் அந்த வில் நீளம்தான். இடது தோள் பின்னால் வளைந்து நடுங்கியது. கோபம் வடிந்ததும் முகம் வெளுத்தது.

"கிரேட்டா, விட்டுடாதே!" கர்ட் கத்தினான்.

"கத்தாதடா" என்றாள் ஜோடி. அவளும் கர்ட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

"முடியல..." கிரேட்டாவின் விரல்கள் வழுக்கத் தொடங்கின. "அப்பா, முடியல!"

பக்கத்தில் இருந்தது நான். அவள் முதுகோடு ஒட்டி நின்று, நாண் பிடித்த அவள் கையைச் சுற்றி என் கையை இறுக்கிக்கொண்டேன். இன்னொரு கையால் கைப்பிடியைத் தாங்கினேன். என்னை அவள் தொடவிட்டது அதுவே முதல் முறை. அவள் இதயம் அடிப்பது என் நெஞ்சில் தெரிந்தது.

"முழங்கையை முன்னாடி கொண்டுவா. பிடுங்கும். நானும் பிடிச்சிருக்கேன். ரெண்டு பேரும் கூடவே போவோம்."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான். வா."

நாண் எங்கள் இருவரையும் வெடுக்கென்று முன்னால் இழுத்தது. என் விரல்கள் எரிந்தன. விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இழுவை தளர்ந்து, கடைசியில் நாண் தன் இடத்தில் போய் நின்றது.

கிரேட்டா வில்லை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். கர்ட் அவளருகே வந்தான்.

"கர்ட், இதைப் பெட்டியில வை" என்றேன். "ஒரு ஆணியைக்கூடத் திருக வேண்டாம். என்கிட்ட கேட்டிருக்கலாம். அவகிட்டயும்."

"நல்ல வில்லு வீணாப் போகுதேன்னு..." என்று ஆரம்பித்தவன் மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "தப்புதான்."

நான் அந்தக் கறுப்பு வில்லைக் காட்டினேன். "ஜோடி, இதை எடுத்துக்கறேன்."

கிரேட்டா அம்மாவின் வில்லை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே கறுப்பு வில்லை வாங்கிப் பார்த்தாள். கைப்பிடியில் என் விரல்களை வைக்கச் சொன்னாள். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

"அது உங்க கைக்குத் தடிமன். இதைப் பிடிங்க."

பிடித்தேன். உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்தது.

"அப்புறம் சனிக்கிழமை இந்த நைலான் கோட்டைப் போட்டுட்டு வராதீங்க" என்றாள் என் முகத்தைப் பார்க்காமலே. "சரசரன்னு சத்தம் போடுது. ஒரு மான்கூட நம்ம பக்கம் வராது."