பக்கத்து லிஃப்ட்

போன் அடித்தபோது அவள் இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. எதிர்முனையில் லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸில் எல்லாரும் அவரை ஸ்பேனர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபடவே.

"நீங்க அனுப்பின இடத்துலதாம்மா நிக்கிறேன். லிஃப்ட் ஜம்முனு ஓடுது. நின்னு போனது பக்கத்து லிஃப்ட். அதுக்கு வேலைச் சீட்டு போடுங்கன்னா, அப்படி ஒரு லிஃப்டே உங்க லிஸ்ட்ல இல்லைங்கறாங்க எங்க கம்பெனியில. கண்ணு முன்னாடி நிக்குது. சீட்டு இல்லாம நான் கதவைத் தொடக்கூடாது. ஏழாவது மாடிக்கு மேல போறது இது ஒண்ணுதான். முட்டிவலிக்கார அம்மா ஒருத்தங்க ரெண்டு மணி நேரமா கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்காங்க."

அந்த லிஃப்டை லிஸ்டிலிருந்து எடுத்தவளே அவள்தான்.

நாற்பத்தொரு வயதில் கம்ப்யூட்டர் படிக்கப் போனவள். பத்தாவது படிக்கும் மகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். "ஹோம்வொர்க் முடிச்சியாம்மா?" என்று மகள் மிரட்டுவாள். பட்டம் வாங்க வேண்டுமென்றால் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் வேலைப் பயிற்சி முடித்தாக வேண்டும். இருபத்து மூன்று இடங்களில் வயதைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. லிஃப்ட் பழுதுகளுக்கு ஆள் அனுப்பும் மென்பொருளைச் செய்கிற இந்தச் சின்னக் கம்பெனிதான் வரச் சொன்னது. டீம் லீடருக்கு இருபத்தாறு வயது. அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனை சார் என்பாள். பயம் வந்தால் மட்டும் தம்பி.

"தம்பி," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் லிஸ்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தான். ஒரே விலாசம், ஒரே மாடல் என்று இரண்டிரண்டாக முப்பத்தேழு ஜோடி வரிகள் இருந்தன. வீட்டில் ஒரே டப்பாவுக்கு இரண்டு மூடி இருந்தால் ஒன்றைத் தூக்கிப் போடுகிற கை ஆயிற்றே, சும்மா இருக்குமா? இரட்டை வரிகளையெல்லாம் ஒற்றையாக்கிவிட்டு, அன்று நிம்மதியாகத் தேநீர் குடித்தாள். ஒரு கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் குடியிருந்த வீடுகளில் ஒரு லிஃப்ட்கூட இருந்ததில்லை, பாவம்.

அவன் முதலில் அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டான். ஸ்பேனருக்குச் சீட்டு போயிற்று. அப்புறம் நாற்காலியை அவள் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தான்.

"மிச்சத்தையும் பழைய நகல்லேர்ந்து அப்படியே போட்டுடலாமா தம்பி?"

"போடலாம்க்கா. ஆனா சிலது நிஜமாவே ரெண்டு தடவை ஏறினதுதான். எது லிஃப்ட், எது வெறும் வரின்னு இங்க உட்கார்ந்து எப்படிச் சொல்றது? நீங்க மாத்தினதை நானும் பார்க்காமலேதான் சரின்னு ஏத்திவிட்டேன். என் பேரும் இதுல இருக்கு."

அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. வேறொருவனாக இருந்தால் அவள் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவியிருப்பான். அவள் குனிந்து, கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

அவளைப் பற்றி அவன் நிரப்பிக் கொடுக்கிற படிவம் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அதில் ஒரு கேள்வி: இவரிடம் தனியாகப் பொறுப்பை ஒப்படைக்கலாமா? இல்லை என்று வந்தால் வேறு இடம் தேடி மறுபடி ஆறு மாதம். இன்னொரு இருபத்து மூன்று கடிதம்.

"முப்பத்தேழும் நேராகட்டும்க்கா. அப்புறம் எழுதறேன்," என்றான்.

அவள் மெக்கானிக்குகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, எந்தக் கட்டடத்தில் நிஜமாகவே எத்தனை லிஃப்ட் இருக்கிறது என்று கேட்டாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தாள். "முப்பத்தேழு லிஃப்டை முழுங்கின ஆளு நீங்கதானா? செரிச்சுதா?" என்று சிரித்தார் ஒருவர். சிரித்தாரே தவிர, மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் இரண்டு கட்டடங்களில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினார். ஸ்பேனர் யாரும் கேட்காமலே ஐந்து அனுப்பினார். எல்லாவற்றிலும் ஓரத்தில் அவர் கட்டைவிரல். முகம்கூடத் தெரியாதவளுக்காக இத்தனை பேர் கதவு கதவாக நின்றிருக்கிறார்களே என்று நினைத்தபடியே, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி லிஃப்ட் எண்ணை லிஸ்டில் ஏற்றினாள்.

வியாழன் மத்தியானம் முப்பத்தாறு முடிந்தது. அதில் இருபத்தெட்டு நிஜ லிஃப்ட். கடைசிக் கட்டடத்து மெக்கானிக் லீவு.

"நானே போய்ப் பார்த்துட்டு வரேன்," என்றாள்.

"போயிட்டு வாங்கக்கா." அவன் படிவத்தை எடுத்து மேஜையில் விரித்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தான்.

நாலு நிறுத்தம் தள்ளி இருந்தது கட்டடம். முன்கூடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். எண்ணைப் படம் எடுத்தாள். அப்பாடா, இது வெறும் வரிதான் என்று வாசல்வரை வந்தவள் நின்றாள். திரும்பிப் போய், மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் மீட்டர்களைத் தாண்டிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே அதே மாதிரி இன்னொரு லிஃப்ட் கதவு.

அவள் போனை உயர்த்தும்போதே அது திறந்தது. அடித்தளத்திலிருந்து ஏறி வந்த லிஃப்ட். உள்ளே மூன்று பேர், துணிக்கூடை, ஒரு சைக்கிள்.

"மேலயா?" என்றார் ஒருவர்.

அவள் பதில் சொல்வதற்குள் சைக்கிள்காரர் முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். கூடைக்காரி கூடையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டாயிற்று.