வெல்டரின் தலையசைப்பு

என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை வீடு வீடாக இருந்திருக்கும். "ஸ்டுடியோ லைட் எல்லாம் பழக்கம்தானே?" என்று அந்த அலுவலக மேலாளர் போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் தண்ணி பட்ட பாடு சார்" என்று சொல்லிவிட்டேன். பதினொரு வருஷமாக நான் படம் எடுத்ததெல்லாம் வெயிலிலும் ஜன்னல் வெளிச்சத்திலும்தான்.

அவர்களுக்கு நாற்பது ஊழியர்களின் முகப்படம் வேண்டும். அதற்கு முன் ஒரு மாதிரி: ஃபிளாஷ் விளக்கில் எடுத்த ஒரே ஒரு முகம், வண்ணத்தில், கேமராவிலிருந்து வந்தபடியே, திருத்தம் எதுவும் இல்லாமல். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். நான் வெளிப்புறப் படம் எடுக்கிற வேலை பார்த்த போட்டோக் கடை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

தோழி ஒருத்தியிடம் விளக்கையும் அதன் முகத்தில் மாட்டுகிற வெள்ளைத் துணிப் பெட்டியையும் இரவல் வாங்கினேன். வெள்ளிக்கிழமை முழுக்க எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரு பாதி கறுப்பு. விளக்கு பழுது என்று தோழியைத் திட்டிச் செய்தி அனுப்பிய பிறகுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தேன். விளக்கு மின்னுகிற நேரத்தில் கேமராவின் திரை முழுசாகத் திறந்திருக்கவில்லை. வேகத்தைக் குறைத்ததும் படம் முழுசாக வந்தது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டாயா என்றால், இல்லை.

இனி ஒரு முகம்தான் பாக்கி. சனிக்கிழமை காலை என் கணவர் வேலைக்குக் கிளம்பவில்லை. இரும்புப் பட்டறையில் வெல்டர் அவர். லீவு என்றால் சம்பளம் போன மாதிரி என்று காய்ச்சலோடு போகிற ஆள்.

"இன்னிக்கு லீவு போட்டுட்டேன். உனக்கு ஒரு மூஞ்சி வேணும்ல?" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போர்வையை ஆணியடித்து மாட்டி, சாப்பாட்டு மேசையைச் சமையலறைக்குள் தள்ளி, துணிப் பெட்டி ஆடுகிறதென்று மின்விசிறியையும் நிறுத்தினேன். கூடத்தில் விளக்குக்குள் எரிகிற சின்ன பல்பின் மங்கல் வெளிச்சம் மட்டும். அவரை முக்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன்.

தலை குனிந்திருந்தது. கண் மூடியிருந்தது.

"நேரா பாருங்க."

"பாக்கறேன்மா."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். முப்பது படம் எடுத்தேன், முப்பதிலும் மனுஷன் ஏதோ ஒப்புக்கொண்டதுபோலத் தலையை ஆட்டிக் கண்ணை மூடியிருந்தார். கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன எதற்கும் இப்படித் தலையாட்டியதில்லை. மணி இரண்டரை. நெற்றி வியர்வை மின்னியது, துடைத்துவிட்டேன். மறுபடி மின்னியது. மூன்றே முக்காலுக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கண்ணத் திறங்கன்னு எத்தன தடவ சொல்றது? உங்களால எனக்கு இந்த வேல போகப்போகுது, பாத்துக்கிட்டே இருங்க."

"திறந்துதான் வச்சிருக்கேன் மேடம். நீ அழுத்துற நேரத்துல அதுவா மூடிக்குது" என்றார். எனக்குக் கோபம் வந்தால் அவருக்கு நான் மேடம்.

கேமராவைச் சோபாவில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். குடிக்காமலே திரும்பி வந்தேன். படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தத் தலையாட்டலை நான் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். வெல்டர்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். தீப்பொறி கிளம்புவதற்குச் சற்று முன், தலையை ஒரு வெட்டு வெட்டி, நெற்றிக்கு மேல் தூக்கி வைத்திருக்கிற முகமூடியைக் கீழே இறக்குவார்கள். என் விரல் பொத்தானில் அசைவதைப் பார்த்ததுமே அவர் தலை, அங்கே இல்லாத முகமூடியை இறக்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருஷப் பழக்கத்தைப் பத்து நிமிஷத்தில் மாற்ற முடியாது. ஆனால் முகமூடியை இறக்குகிறவர் தூக்கவும் வேண்டுமே. ஒட்டு முடிந்ததும் தலையை நிமிர்த்தி, இணைப்பு சரியாக வந்ததா என்று உற்றுப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் எனக்கு வேண்டியது.

படம் எடுக்காமல் விளக்கை மட்டும் ஒருமுறை மின்ன விட்டேன். தலையை ஆட்டினார், நிமிர்ந்தார், பார்த்தார். நான் அழுத்தினேன். விளக்கு வரவில்லை. முழுச் சக்தியில் மின்னினால் அது திரும்பத் தயாராக மூன்று நொடி ஆகும், அதற்குள் அந்தப் பார்வை போய்விடுகிறது. சக்தியைக் கால்வாசியாகக் குறைத்தேன். உடனே தயாரானது, ஆனால் படம் இருட்டு. ஒரு நிமிஷம் விளக்கையே முறைத்துக்கொண்டு நின்றேன். பிறகு விளக்கு நிற்கிற தாங்கியைத் தரதரவென்று இழுத்து அவர் முகத்துக்குப் பாதித் தூரத்தில் நிறுத்தினேன். பாதித் தூரம் என்றால் நாலு மடங்கு வெளிச்சம். இழந்தது அப்படியே திரும்பி வந்தது. கிட்டே வந்த வெளிச்சம் கன்னத்தில் மெத்தென்று இறங்கியது.

வெறும் மின்னல். தலையாட்டல். நிமிர்ந்தார்.

எடுத்தேன்.

"சரியா வந்துச்சா?" என்றார்.

வந்திருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் வெயிலில்கூட எடுத்ததில்லை. எதையும் காட்டிக்கொள்ளாமல், செய்த வேலை நிற்குமா என்று பார்க்கிற முகம். மணி ஐந்து இருபது. கணினியில் ஏற்றிக் கண்ணைப் பெரிதாக்கினேன், கூர்மை இருக்கிறதா என்று பார்க்க.

கூர்மை இருந்தது. வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு. இமை ஓரம் வீங்கி, தண்ணீர் கோத்திருந்தது.

"என்ன இது?"

"நேத்து முகமூடிக் கண்ணாடி விரிசல் விட்டுருச்சு. கவனிக்கல. வெல்டிங் வெளிச்சம் அடிச்சுருச்சு, கண்ணுல மணல் போட்ட மாதிரி இருக்கு. ரெண்டு நாள்ல போயிரும்."

"அதான் லீவா?"

"உனக்கும் மூஞ்சி வேணும்ல."

காலையிலிருந்து அந்த முகத்துக்கு எதிரே நின்றிருக்கிறேன். விழுகிற வெளிச்சத்தைப் பார்த்தேன், நிழலைப் பார்த்தேன், வியர்வையைப் பார்த்தேன். கண்ணில் மணலோடு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்து, கண்ணைத் திற, கண்ணைத் திற என்று கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

படத்தை எட்டிப் பார்த்து அவரே சொன்னார். "சிவப்பாத் தெரியுதே. கறுப்பு வெள்ள ஆக்கிரு."

"வண்ணத்துலதான் கேட்டிருக்காங்க. கை வைக்கக் கூடாது."

"அப்ப இன்னொண்ணு எடு. சொட்டு மருந்து விட்டுட்டு வரேன், கொஞ்சம் வெளுக்கும். நேரம் இருக்கு."

நேரம் இருந்தது, இருபத்தெட்டு நிமிஷம். அவர் மறுபடி முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் போய் விளக்கின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சிவந்த கண்ணோடு இருந்த படத்தை இணைத்து அனுப்பிவிட்டு, துண்டை நனைத்துப் பிழிந்து, அவரைச் சோபாவில் படுக்க வைத்துக் கண்மேல் போட்டேன். போனால் போகட்டும் என்று வாய்தான் சொன்னது. கால் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தது.

ஆறு பத்துக்குப் பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன். "வெளிச்சம் நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை வாருங்கள். படத்தில் இருப்பவர் அழுதாரா?"

"அழலன்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே துண்டை விலக்கப் பார்த்தார். "எங்க, நானும் பாக்கறேன்."

அவர் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

"அப்பறம் பாக்கலாம். கண்ண மூடுங்க."