மூன்று இருபதுக்கு வழியும் தொட்டி

இதனால் சகலருக்கும் அறியத் தருவது: கழக்கூட்டம் ஐடி பார்க்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நான்காம் மாடியில், மனிதகுலத்தின் களைப்பு, சென்ற தை மாதம் ஒரு திங்கட்கிழமை முதல், தினமும் மூன்று பதினைந்திலிருந்து மூன்று முப்பத்தைந்து வரை அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது.

அதற்கான சுற்றறிக்கை பதினான்கு பக்கம். வாசித்து முடித்தவர்களுக்கு உடனே ஓய்வு தேவைப்பட்டது.

'அமைதி நேரம்' என்று பெயர். அதற்கென ஓர் அறை: எட்டு நீல பீன் பேக் மெத்தை, ஒரு பிளாஸ்டிக் மூங்கில், ஒலிபெருக்கியில் கடலலை. நிஜக் கடல் பஸ்ஸில் கால் மணி தூரத்தில் இருக்கிறது. அதற்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. நெஞ்சுத் துடிப்பு எவ்வளவு என்பது சுவர்த் திரையில் பெயரோடு வரும். முதல் வாரம் எல்லோரும் ஒரு கண்ணை இறுக மூடி, மறு கண்ணால் திரையைப் பார்த்தபடி, பக்கத்து பீன் பேக்கை அமைதியில் தோற்கடிக்கப் பாடுபட்டார்கள். மாடியின் தலைவர் ஜெயகுமாருக்குத் துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு.

பட்டியலில் முதலிடம், ஐம்பத்தெட்டு, அழகியநம்பிக்கு. அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

அழகியநம்பிக்கு ஐம்பத்தோரு வயது. வலியசாலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற மூத்த டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடித்து, கணினியில் 'டிக்கெட்' என்கிற புகார்ச் சீட்டு போட்டு, அவர்கள் திருத்திய பிறகு சோதித்துப் பார்த்து, அந்த டிக்கெட்டை மூடுவது அவர் பிழைப்பு. கண்ணில் பட்ட பிழை எதையும் அவர் விட்டதில்லை. லிஃப்டின் இரண்டாவது பொத்தான் மேல்கூட அவர் போட்ட டிக்கெட் ஒன்று உண்டு.

ஒன்றே ஒன்றை மட்டும் விட்டிருந்தார்.

மூன்று இருபதுக்கு அவர் டீயோடு பின்படிக்கட்டு ஜன்னலுக்குப் போவார். எதிரே கேண்டீன் மொட்டைமாடியில் ஒரு கறுப்புத் தொட்டி. மதியப் பாத்திரங்கள் கழுவி முடிந்ததும் மோட்டார் போடுவார்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டிய மிதவை பதினொரு வருஷமாகத் தன் கடமையை மறந்து கிடந்தது. ஆகவே தொட்டி வழியும். முதலில் விளிம்பில் ஒரு பளபளப்பு மட்டும். பிறகு தண்ணீர் மனம் மாறினாற்போல் ஒரு பக்கமாகச் சரிந்து, சுவரின் பாசிமேல் இறங்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராது. மேற்கே சாய்ந்த வெயில் தண்ணீருக்குள் புகுந்ததும், சுவர் முழுவதும் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் அசையும். இரண்டு மைனாக்கள் வரும். ஒன்று குளிக்கும், ஒன்று யோசிக்கும். நினைப்புகளும் வரும், ஜன்னலோரம் சற்று நின்றுவிட்டு, இவர் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் போய்விடும். டீ ஆறும். ஆறட்டும். தூரத்தில் ஹைவே லாரிகள் வேறு யாருடைய கனவிலோ போவதுபோல் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் கீழே யாரோ மோட்டாரை அணைப்பார்கள். சுவர் மெல்ல உலரும். அழகியநம்பி திரும்பிப் போய், காலையெல்லாம் அகப்படாத பிழையை உட்கார்ந்தவுடன் பிடித்துவிடுவார்.

மனிதவளப் பிரிவின் ஸ்ரீலட்சுமி, ஸ்ரீவராகம் பகுதியிலிருந்து வருகிற பெண், லேப்டாப்பைத் திறந்துகொண்டு அவர் முன் உட்கார்ந்தாள்.

"சாரே, சத்தியமா சொல்லணும். எந்த ஆப் யூஸ் பண்றேள்?"

"ஆப்பா? ஒண்ணும் இல்லை மோளே. சும்மா நிக்கேன்."

"சும்மான்னா? அதுக்கு ஒரு மெத்தட் இருக்குமில்லியோ?"

"டீ குடிப்பேன். சில நாள் அதுவும் மறந்துபோவும்."

அவள் 'மறதி' என்று குறித்துக்கொண்டாள். "பின்னே, பின்படிக்கட்டு அப்ரூவ்டு இடம் இல்லை சாரே. அடுத்த வாரம் முதல் அந்தக் கதவைப் பூட்டப் போறா. நீங்க பீன் பேக்குக்கு வந்துடலாம்."

"அதிலே இருந்தா எழுப்பிவிட ரெண்டு ஆள் வேணும். எனக்கு முட்டுவேதனையாக்கும்."

"அப்போ இந்தப் புதன்கிழமை மீட்டிங்ல எல்லார்க்கும் விளக்கிச் சொல்லுங்கோ. ஜெயகுமார் சாருக்குப் பிடிச்சா ஜன்னல் உங்களுக்குத்தான். ஸ்லைடு பன்னிரண்டு போரும்."

சும்மா இருப்பது எப்படி என்று பன்னிரண்டு ஸ்லைடு தயாரிக்க அழகியநம்பிக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும், பதினொரு வருஷத்தில் முதல்முறையாக, அவர் மூன்று இருபதுக்கு எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை பதினோரு ஸ்லைடுகளை அவர் வேகமாகத் தள்ளினார். பன்னிரண்டாவதில், முன்பொரு நாள் ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோ. "இதாக்கும்," என்று சொல்லி ஓடவிட்டார்.

விளிம்பு பளபளத்தது. சுவர் மூச்சு விட்டது. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட செல்போனை எடுக்கவில்லை. யாருடைய நாற்காலியோ கிறீச்சிட்டு, தானே வெட்கப்பட்டு நின்றது. பக்கத்துச் சுவர்த் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக, இலை விழுவதுபோல் இறங்கின. ஜெயகுமார் எழுபத்தொன்றுக்கு வந்திருந்தார். அது அவருக்கே தெரியாது. அவர் மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோ முடிந்தது.

"அண்ணாச்சி," என்றார் ஜெயகுமார். "கொள்ளாம். ரொம்ப நல்லாருக்கு. ஜன்னல் உங்களுக்குத்தான், போதுமா? பூட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்." பிறகு, "ஆமா, இது எத்தனை நாளா ஒழுகுது?"

"பதினோரு வருஷமாச்சு," என்றார் அழகியநம்பி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பதினோரு வருஷமா! எந்தா அண்ணாச்சி, நீங்க டெஸ்டர் இல்லியா? ஒரு டிக்கெட் இடலையா?"

"அது பிழையில்லை சார். அது அப்படித்தான்."

இருபத்தைந்து வருஷமாக இளம் புரோகிராமர்கள் அவரிடம் சொல்லி, அவர் ஒரு தடவைகூட ஏற்றுக்கொள்ளாத பதில் அது. அறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அறுபது பேரும் அவரிடம் அடிவாங்கியவர்கள்.

"அண்ணாச்சிக்கு ஒரு மரியாதை செய்யணும் டே," என்று ஜெயகுமார் அங்கேயே டிக்கெட்டைத் திறந்தார். அவசரம்: உச்சம். சோதித்து மூட வேண்டியவர்: அழகியநம்பி. "நல்ல ஒரு வால்வும் மிதவையும் போடச் சொல்லுதேன். நீங்க நிம்மதியா நில்லுங்க."

வெள்ளிக்கிழமை அவர் டீயோடு ஜன்னலுக்குப் போனார். பூட்டு இல்லை. 'அமைதி ஜன்னல்' என்று ஒரு பித்தளைத் தகடு அறைந்திருந்தார்கள். வெயில் சரியான இடத்தில் இருந்தது. மைனாக்கள் வந்தன. இரண்டும் யோசித்தன. டீ ஆறுமுன் குடித்து முடிந்துவிட்டது.

மூன்று இருபத்தைந்துக்கு ஸ்ரீலட்சுமியின் செய்தி வந்தது: 'சாரே, டெஸ்ட் ஆச்சா?'

'ஒழுகவில்லை' என்று எழுதி, டிக்கெட்டை மூடினார்.