நிகழ்வு: ஏதுமில்லை

1

"எங்கப்பா எங்கூடப் பேச மாட்டாரு. ஆனா எனக்காகத் துப்பித் தருவாரு" என்றாள் பிரிஸ்கில்லா. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை எப்படியாவது திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தைப் பனி மூடியிருந்த ஒரு' (வேண்டாம். கதை நடந்தது வெயிலில்.)

2

2005. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வகம். ஊசி குத்தாமல், எச்சிலை வைத்தே மன அழுத்த ஹார்மோனை அளக்கும் காகிதப் பட்டையை பிரிஸ்கில்லா உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விட்டால் சிவப்புக் கோடு தெரியும். அழுத்தம் கூடக் கூடக் கோடு மங்கும். சோதித்துப் பார்க்க, பணி ஓய்வு பெற்றவர்களின் எச்சில் வேண்டியிருந்தது.

அவள் அப்பா மிக்கேல்ராஜ், வத்தலக்குண்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாதா கோயிலை விட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்தில் அழகுராஜாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, ஆறு வருடமாக அவளோடு பேச்சில்லை. அம்மா அன்னாள்தான் அவரிடம் பேசிப் பார்த்தாள்.

"யாரு கேக்குறா?"

"காலேஜ்ல கேக்குறாக."

எச்சில் பிடிக்கும் டப்பாக்களை வாங்கிக்கொண்டார். (யாருக்கென்று அவருக்குத் தெரியாது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். பிரிஸ்கில்லா படித்துவிட்டு, "டப்பா மேல இருக்குறது என் கையெழுத்து. அவருக்கா தெரியாது?" என்றாள். அடித்துவிட்டேன்.)

காலையும் மாலையும் எச்சில். கூடவே ஒரு படிவம். அதில் 'இன்று மனதைப் பாதித்த நிகழ்வு' என்று ஒரு கட்டம். நாற்பது நாளும் 'ஏதுமில்லை' என்றே எழுதினார். கோடும் பளிச்சென்றுதான் இருந்தது. ஆய்வுக்கு அது நல்லது. ஆனால் பிரிஸ்கில்லாவுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.)

3

நாற்பத்தோராம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். வழக்கமாக அம்மா கொண்டுவரும், எச்சில் டப்பாக்கள் வைத்த ஐஸ் பிளாஸ்க்கை வாங்க பிரிஸ்கில்லாவே போனாள். நாலு மணி வெயில். அப்பா வெளியே வந்து பிளாஸ்க்கைச் சுற்றுச்சுவர் மேல் வைத்தார்.

"அப்பா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் செத்த நேரம் நின்றாள். பிறகு பஸ் ஏறினாள்.

காய்ச்சல் விட்டதும் அம்மா அன்றைய மாலை எச்சிலைக் கொண்டுவந்தாள். பட்டையில் கோடே இல்லை. பிரிஸ்கில்லா வேறொரு பட்டையில் விட்டாள். அதிலும் இல்லை. படிவத்தில் வழக்கம்போல 'ஏதுமில்லை'.

கோபமா, ஏக்கமா? இரண்டுக்கும் ஊறுவது அதே ஹார்மோன்தான். பிரித்துச் சொல்ல அவளுடைய பட்டைக்குத் தெரியாது. படிவத்தை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள், ஓரத்தில் எழுதி: 'அளவு அதிகம். ஏதேனும் விடுபட்டுள்ளதா?'

திரும்பி வந்தபோது 'ஏதுமில்லை' அடிக்கப்பட்டிருந்தது. கீழே, வாத்தியாரின் நேரான எழுத்தில்:

'மகள் வந்தாள். வெயிலில் நின்றாள்.'

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் வாத்தியார் அவளைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்கிறார். இன்னொன்றில் அவள் போய்ச் சேருவதற்குள் (இல்லை, மனிதர் நன்றாக இருக்கிறார்). பேசாமல் அவளிடமே கேட்டேன், போனாயா என்று.

"அந்த ஞாயித்துக்கிழமையே போனேன். கேட்டைத் திறந்து, படியேறி, கதவைத் தட்டி..."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் மனம் வரவில்லை. அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள். தாழ்ப்பாள் உள்பக்கம். உள்ளே, வாத்தியாரின் இடத்தில், நீங்கள் இருக்கிறீர்கள்.