ஆடிக் கிருத்திகைக்குக் காலியான இரண்டு அறைகள்

“ஒண்டி ஆளுக்கு மாசம் இன்னாங்க ஆவுது இந்த ஊர்ல?” என்று கேட்டாள் அனுசுயா, மாடியறைக்குக் குடிவந்த அன்று.

“வாடகை, கரண்டு, கேஸு, பாலுன்னு பதினொண்ணாயிரம் தாண்டிடும். அதுகூட பரவால்லீங்க, கோசுதான் பேஜாரு” என்றான் பக்கத்து அறை வளவன்.

“கோசா?”

“முழுக் கோசு வாங்குனா ஒண்டி ஆளு நாலு நாளைக்கு அதையே துன்னணும். பாதி கேட்டா கடைக்காரரு மொறைக்கிறாரு. மீதிய நீங்க எடுத்துக்கினீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. கோசில் தொடங்கிய பங்கு சுரைக்காய், பூசணி, தேங்காய் என்று வளர்ந்தது. மூக்குக் கண்ணாடிக் கடைச் சம்பளத்தில், ஆரணியிலுள்ள அம்மாவுக்கு அனுப்பியது போக, அனுசுயாவின் கையில் மாதக் கடைசியிலும் கொஞ்சம் நின்றது. ஆனால் அவள் காத்திருந்தது காசுக்காக இல்லை. “இன்னிக்கு முள்ளங்கிங்க” என்று சாயங்காலம் கதவைத் தட்டும் குரலுக்காக. அவனிடம் கேட்க ஒன்று இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று தினமும் தள்ளிப்போட்டாள்.

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் குடித்தனக்காரர்கள் அறையை ஒழித்துக் கொடுத்துவிடுவார்கள். காவடி எடுத்து வருபவர்கள் தங்குவார்கள். அந்த மாத வாடகை தள்ளுபடி. போன வருஷம் இருவரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த முறை கடையில் லீவு கிடைக்காததால் அனுசுயா கீழே வீட்டுக்கார அம்மா கெங்கம்மாளோடு தங்கினாள். தனக்கும் லீவு இல்லையென்று வளவன் நண்பன் வீட்டில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் காவடிக்காரர்களுக்குச் சமைக்க ஒத்தாசையாக வந்து நின்றான். அவன் வேலை பார்க்கும் பத்திரம் எழுதும் கடை அந்த வாரம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. தினமும் அந்தப் பக்கமாக நடந்துபோகும் அனுசுயா அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தெருவெல்லாம் அரோகரா. வடையைத் திருப்பிப் போட்டபடி கெங்கம்மாள் குண்டைப் போட்டாள்.

“கிருத்திகை முடிஞ்சதும் மேல நடுச் சொவத்த இடிக்கப் போறேன். ஒரே வீடாக்கி, குடும்பமா வர்றவங்களுக்குத்தான் குடுப்பேன். நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கோங்க.”

வளவன் வெங்காயத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. “பக்கத்து ஊரு கே.ஜி.கண்டிகையில ஒரு ரூம் கீதாம். ஆயிரம் ரூபா கம்மி.”

“ஆங், கம்மிதான்” என்றாள் அனுசுயா. மாதம் ஆயிரம் மிச்சம் என்று கேட்டும் சந்தோஷம் வராதது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அந்நேரம் வெந்நீருக்காகக் கீழே வந்தாள், காவடியோடு வந்து மாடியில் தங்கியிருந்த நகரி ஊர்க்கார அம்மா. மொட்டைத் தலையில் சந்தனம் மினுங்கியது.

“ஏம்மா, உன் வீட்டுக்காரரு கண்ணுல தண்ணியோட வெங்காயம் உரிச்சிகினு கீறாரு, நீ வேடிக்கை பாக்குறியே!”

அனுசுயா மறுத்துச் சொல்லவில்லை. வளவனும் சொல்லவில்லை, அவன் காது மட்டும் சிவந்தது. கெங்கம்மாளின் கரண்டி எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது.

“இன்னாடி இது, ரெண்டும் வாயத் தொறக்காம கீதுங்க!”

அனுசுயா திறந்தாள்.

“கண்டிகைக்குப் போவாதீங்க வளவன். என்னைக் கட்டிக்கினு இங்கயே இருங்க.”