ஊற்றும் பதிமுகத் தண்ணீரும்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள சதுப்பை எட்டுவதற்குள்ளேயே திவ்யலட்சுமிக்கு பிளீச்சிங் பவுடர் வாடை அடித்துவிட்டது. போன மாதம் கீழ்ப்பள்ளத்தில் நெளிந்துகொண்டிருந்த சிற்றுயிர்களெல்லாம் வெளுத்துப்போய் மிதந்தன. மேலே, பாசிக்குள்ளிருந்து நீர் கசிகிற ஊற்றுக்கண் அருகே, இன்னொரு மூட்டை பிரிக்கத் தயாராக இருந்தது.

மூட்டைக்குப் பக்கத்தில் இசக்கிசெல்வி நின்றாள். தேயிலை பறிப்பவள், லயத்துக் குடிதண்ணீருக்கும் அவள்தான் பொறுப்பு. அம்மன் கொடைத் திருவிழாவுக்கு விருந்தாட்கள் வருமுன் ஊற்றைச் சுத்தம் செய்துவிட வேண்டுமென்று நாலைந்து பெண்களைக் கூட்டி வந்திருந்தாள்.

"யாரு சேச்சி இதைப் போடச் சொன்னது?"

"நீங்கதானே மேடம். ஊத்துக்குள்ள அத்தனை வகைப் புழு இருக்குன்னு போன மாசம் சந்தோஷமாச் சொன்னிய. கேட்ட பொறவு பிள்ளையளுக்கு எப்படிக் குடிக்கக் கொடுக்க?"

திவ்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. தங்களுக்கு இனிப்பது ஊருக்கே இனிக்கும் என்று நினைத்துவிடுவார்கள். பாசியில் இருப்பது வேறு, சரளைக்கல்லில் இருப்பது வேறு, கோடையிலும் சூடேறாத தண்ணீர் என்பதால்தான் இத்தனையும் பிழைக்கின்றன என்று நகரத்தில் கிழக்கேகோட்டை வீட்டில் அம்மாவிடம் அளப்பதைப் போலவே இங்கேயும் அளந்து வைத்திருந்தாள்.

அழுகை முட்டியது. அழுதால் மூட்டை நகராது. செருப்பைக் கழற்றிவிட்டு ஊற்றில் இறங்கி, ஒரு கல்லைப் புரட்டி, அதில் ஒட்டியிருந்ததை வெள்ளைத் தட்டில் எடுத்து நீட்டினாள். மணலை ஒட்ட வைத்துத் தனக்கென்று ஒரு குழாய் வீடு கட்டிக்கொண்டு, அதிலிருந்து தலையை மட்டும் நீட்டியது அந்தப் புழு.

"அழுக்குத் தண்ணியா இருந்தா முதல்ல சாகறது இதுதான் சேச்சி. கீழ செத்தது போகட்டும், மேலேர்ந்து இறங்கி வந்து மறுபடி நிரம்பும். இங்கயும் போட்டுட்டா இறங்கி வர ஒண்ணும் மிஞ்சாது. பவுடரை லயத்துத் தண்ணித் தொட்டியில போடுங்கோ. எவ்வளவுன்னு நான் காட்டறேன். ஊத்துக்கண்ணுல மட்டும் வேண்டாம்."

இசக்கிசெல்வி தட்டைப் பார்க்கவில்லை. திவ்யாவின் பையில் செருகியிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா வாறிய. இந்தத் தண்ணியில ஒரு வாய் குடிச்சிருக்கியளா?"

பாட்டிலில் இருந்தது பதிமுகக் கட்டைச் சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் அம்மா நிரப்பிக் கொடுத்துவிடுவாள். லயத்தில் யார் சாயா நீட்டினாலும், இருக்கு, இருக்கு என்று இவள் அதைத்தான் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

"அக்ரஹாரத்துப் பொண்ணு, நம்ம கைத்தண்ணி ஆகாதாக்கும்னு முதல்ல நெனச்சோம். புழு விசயத்தச் சொன்னப்பதான், ஓ, இதுக்குத்தான் குடிக்கலைன்னு தெரிஞ்சது."

வெட்கத்தில் திவ்யாவின் காது சுட்டது. நல்ல தண்ணீர் என்று கட்டுரை எழுதிய கைதான் பாட்டிலையும் சுமந்து வந்திருந்தது. அவள் கரையேறி, பதிமுகத் தண்ணீரைத் தேயிலைத் தூரில் கொட்டினாள். திரும்பி வந்து பாசிக்கு அடியில் பாட்டிலை நிறையும்வரை சாய்த்துப் பிடித்தாள்.

குடித்தாள். பல் கூசியது. நிறுத்தாமல் பாட்டில் காலியாகும்வரை குடித்தாள்.

இசக்கிசெல்வி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தொட்டிக்கு எவ்வளவுன்னு வந்து காட்டுங்க. அப்படியே வீட்டுல ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாம்."

"இதோ வரேன்" என்ற திவ்யா, மறுபடி குனிந்து பாட்டிலை ஊற்றில் பிடித்தாள்.

"இன்னமுமா தாகம்?"

"இது அம்மாவுக்கு."